தைராய்டு முடிச்சுகளுக்கான ஊசிவழிச் சிகிச்சை: ஒரு வரலாறு

தைராய்டு முடிச்சு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை அணைத்தபடி அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பிக்குள் தோன்றும் கட்டி ஆகும். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அளவில் பெருத்து விழுங்குவதற்கு இடைஞ்சல் செய்பவை, கழுத்தில் புடைத்துத் தெரிபவை, தேவைக்கு மேல் ஹார்மோன் சுரப்பவை ஆகியவற்றுக்கே சிகிச்சை தேவைப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலாக அந்தச் சிகிச்சை பெரும்பாலும் கழுத்தைத் திறந்து செய்யும் அறுவையாகவே இருந்தது. 1990 முதல் இத்தாலி, டென்மார்க், தென்கொரியா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் ஆல்கஹால், லேசர் ஒளி, ரேடியோ அலை மின்னோட்டம் ஆகியவற்றை ஊசி வழியே செலுத்தி, சுரப்பியை அகற்றாமல் கட்டியை மட்டும் சுருக்கும் முறைகளை வளர்த்தெடுத்தனர்.

இந்த முறைகளின் வரலாறு ஒரு பழைய கேள்வியிலிருந்து தொடங்குகிறது. சுரப்பியில் எவ்வளவை எடுப்பது, எவ்வளவை விட்டுவைப்பது? ஊசிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அறுவை மருத்துவர்கள் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்து விடை கற்றிருந்தார்கள்.

கத்தியின் காலம்

தைராய்டு சுரப்பி வீங்கிப் பெருக்கும் நோய் தமிழில் முன்கழுத்துக் கழலை எனப்படுகிறது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த மலைநாடுகளில், குறிப்பாக ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளில், இந்நோய் பரவலாக இருந்தது. ஜெனீவா மருத்துவர் ஜான் பிரான்சுவா குவாந்தே 1820-இல் அயோடின் கொடுத்துக் கழலையைக் குறைக்க முயன்றார். மருந்துக்கு மசியாத பெரிய கழலைகள் கத்திக்கு வந்தன. தைராய்டில் ரத்த ஓட்டம் மிக அதிகம். மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் சரிவர வராத அக்காலத்தில், அறுவை செய்துகொண்டவர்களில் பத்தில் நான்கு பேர் வரை ரத்தப்போக்காலும் தொற்றாலும் இறந்தனர். 1850-இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த அறுவையைக் கண்டித்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான சாமுவேல் கிராஸ் 1866-இல் இதைக் கசாப்பு வேலைக்கு ஒப்பிட்டு எழுதினார்.

நிலைமையை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியராக இருந்த தியோடர் கோக்கர். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு ரத்தக்குழாயையும் தனித்தனியே பிடித்துக் கட்டி, கிருமி நீக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து அவர் அறுவை செய்தார். அவருடைய வாழ்நாளில் ஏறக்குறைய 5,000 தைராய்டு அறுவைகளைச் செய்தார் என்பர். அவரிடம் அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம் நாளடைவில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஆனால் அவ்வளவு சுத்தமாக வெட்டியதே ஒரு புதிய நோயை உண்டாக்கியது. சுரப்பியை முழுதும் எடுத்துவிட்ட நோயாளிகளைக் கோக்கர் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அவர்களில் பலர் முகம் ஊதி, தோல் வறண்டு, பேச்சும் நடையும் மந்தமாகி இருந்தனர். சிறு வயதில் அறுவை செய்துகொண்டவர்களின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. ஜெனீவாவின் ஜாக் லூயி ரெவெர்தான் 1882-இல் இதே குறிகளைக் கவனித்துச் சொல்லியிருந்தார். கோக்கர் 1883-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் தம் நோயாளிகளின் நிலையை மறைக்காமல் எடுத்துரைத்தார். புற்றுநோய் அல்லாத கழலைக்குச் சுரப்பியை முழுதும் எடுப்பதை அதன்பின் கைவிட்டார். அதுவரை பயனற்றது என்று பலரும் கருதிய ஓர் உறுப்பு உடலுக்கு இன்றியமையாதது என்பது இப்படித்தான் உறுதியானது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே.

இழந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஈடுசெய்யலாம் என்பதை இங்கிலாந்தின் ஜார்ஜ் முர்ரே 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்திக் காட்டினார். பின்னர் தைராக்சின் மாத்திரை வந்தது. மாத்திரை வந்ததும் அறுவை மருத்துவர்களுக்குக் கொஞ்சம் துணிவு கூடியது. எடுத்துவிட்டால் என்ன, மாத்திரை இருக்கிறதே என்ற எண்ணம் பரவ அது வழி செய்தது. சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் எடுத்தால்கூட, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் ஹார்மோன் குறைபாடு ஏற்படுகிறது.

ஹார்மோன் மட்டுமே பிரச்சினை அல்ல. சுரப்பியின் பின்புறத்தில், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், குரல் நாண்களை அசைக்கும் நரம்பு ஏறிச் செல்கிறது. அது அடிபட்டால் குரல் கம்மும். இரு பக்கமும் அடிபட்டால் மூச்சே அடைபடலாம். சுரப்பியோடு ஒட்டியிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கின்றன. அவற்றுக்குக் கேடு வந்தால் கைகால் விரல்கள் இழுத்துக்கொள்ளும். இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சி 1935-இல் சிகாகோவில் கழலை அறுவை செய்துகொண்டபின் அவர் குரல் போயிற்று என்ற கதை மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. குரலின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் மேல் நரம்புக்கு அவர் பெயரே வழங்கியது. அறுவைக்கு முன்பே அவர் குரல் தளர்ந்திருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் இக்கதையை ஐயுறுகின்றனர். ஆனாலும் கதையில் இருந்த அச்சம் உண்மையானது.

1990-களின் பிற்பகுதியில் கேமரா துணையுடன் சிறு வெட்டின் வழியே சுரப்பியை எடுக்கும் முறையும், பின்னர் வாய் வழியாகவும் அக்குள் வழியாகவும் எடுக்கும் முறைகளும் வந்தன. இவை வடுவைச் சிறிதாக்கின அல்லது மறைத்தன. சுரப்பியை எடுப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

தேடாமல் கிடைத்த முடிச்சுகள்

கையால் தடவிப் பார்த்துக் கண்டறியும் வரை, முடிச்சு என்பது சிலருக்கு மட்டும் உள்ள நோயாகத் தோன்றியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1955-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது. உயிரோடிருந்தபோது தைராய்டில் எந்தக் குறையும் காணப்படாத 821 பேரின் சுரப்பிகளை இறந்தபின் வெட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் முடிச்சுகள் இருந்தன. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

1967-இல் ஜப்பானிய மருத்துவர்கள் தைராய்டை அல்ட்ராசவுண்டு மூலம் படம்பிடித்த முறையை வெளியிட்டனர். 1980-களுக்குப் பின் கருவிகள் கூர்மையடைந்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள முடிச்சும் திரையில் தெரியத் தொடங்கியது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், அயோடின் போதிய அளவு கிடைக்கும் பகுதிகளில் கையால் தடவினால் பெண்களில் சுமார் 5 விழுக்காட்டினரிடமும் ஆண்களில் 1 விழுக்காட்டினரிடமும் முடிச்சு தட்டுப்படும் என்கிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் 19 முதல் 68 விழுக்காட்டினரிடம் தெரியும்.

இத்தனை முடிச்சுகளையும் வெட்டி எடுக்க முடியாது. எது புற்று, எது புற்றல்ல என்று பிரிக்க ஒரு வழி தேவைப்பட்டது. சுவீடனில் 1950-களிலும் 60-களிலும் வளர்ந்த நுண்ணூசிச் சோதனை அந்த வழியைத் தந்தது. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் இச்சோதனை, தேவையற்ற அறுவைகளைப் பெருமளவு குறைத்தது. அல்ட்ராசவுண்டும் ஊசியும் சேர்ந்தபோது, திரையில் பார்த்தபடியே முடிச்சின் எந்த மூலைக்கும் ஊசியைக் கொண்டுசெல்லும் கைப்பழக்கம் மருத்துவர்களுக்கு வந்தது. செல்லை எடுக்க உள்ளே போகும் ஊசி, மருந்தைக் கொண்டும் போகலாம் அல்லவா?

ஆல்கஹால் ஊசி

அந்த அடுத்த அடி இத்தாலியில் வைக்கப்பட்டது. கல்லீரல் புற்றுக் கட்டிக்குள் செறிவான ஆல்கஹாலைச் செலுத்தி அழிக்கும் முறையில் தேர்ந்திருந்த தீத்தோ லிவ்ராகியும் அவருடைய குழுவினரும், 1990-இல் தைராய்டு முடிச்சுகளில் அம்முறையைப் பயன்படுத்திய முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை தம்போக்கில் ஹார்மோன் சுரக்கும் முடிச்சுகள். கதிரியக்க ஸ்கேனில் இவை மிகுதியாக ஒளிர்வதால் 'சூடான முடிச்சு' எனப்படும். இவற்றுக்கு அதுவரை அறுவையோ கதிரியக்க அயோடினோதான் வழி.

ஆல்கஹால் செல்களிலுள்ள நீரை உறிஞ்சி, புரதங்களை உறையச் செய்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது. செலவு மிகக் குறைவு. ஊசியும் ஆல்கஹாலும் ஸ்கேன் கருவியும் போதும். குறை என்னவென்றால் திரவம் சொன்னபடி கேட்காது. கெட்டியான முடிச்சுக்குள் அது சீராகப் பரவுவதில்லை, பல தடவை ஊசி போட வேண்டியிருந்தது. வெளியே கசிந்தால் கடும் வலி உண்டாகும், குரல் நரம்பும் பாதிக்கப்படலாம். நீர் நிறைந்த முடிச்சுகளிலோ நிலைமை வேறு. அங்கே நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆல்கஹாலை நிரப்பினால், பையின் சுவருக்குள்ளேயே அது அடங்கி நிற்கிறது. வெறுமனே நீரை மட்டும் எடுத்தால் பல முடிச்சுகள் மீண்டும் நிரம்பிவிடும். ஆல்கஹால் அப்படி நிரம்புவதைப் பெரும்பாலும் தடுத்தது. கெட்டி முடிச்சுகளுக்கான மருந்தாகப் புறப்பட்ட ஆல்கஹால், கடைசியில் நீர் முடிச்சுகளுக்கான முதல் தெரிவாக நிலைத்தது.

லேசர்

கெட்டி முடிச்சுக்குக் கசியாத ஒன்று வேண்டும். வெப்பம் அப்படிப்பட்டது. ரோமுக்கு அருகிலுள்ள அல்பானோ லாத்சியாலே ஊரின் மருத்துவமனையில் க்ளவுதியோ பசெல்லாவும் உடன் பணியாற்றியோரும், முடி போன்ற கண்ணாடி இழைகளை மெல்லிய ஊசிகள் வழியே முடிச்சுக்குள் நுழைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினர். 2000-இல் அம்முடிவுகள் வெளிவந்தன. சில ஆண்டுகளில் டென்மார்க்கின் ஓடென்சே நகரிலிருந்து லாஸ்லோ ஹெகெடூஸ் குழுவினரின் ஆய்வுகளும் தொடர்ந்தன.

பின்னர் இத்தாலியில் நான்கு மையங்களில் 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. லேசர் பெற்றவர்களின் முடிச்சுகள் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் சராசரியாக 57 விழுக்காடு சுருங்கியிருந்தன. சிகிச்சை பெறாதவர்களின் முடிச்சுகள் சுருங்கவில்லை.

கொரியாவில் ரேடியோ அலை

உயர் அதிர்வெண் மின்னோட்டம் தசையையும் நரம்பையும் துடிக்கச் செய்யாமல் உடலுக்குள் செல்லும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் தார்சொன்வால் 1891-இலேயே காட்டியிருந்தார். 1926-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பௌவி வடிவமைத்த மின்கத்தியை அறுவைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1990-இல் கல்லீரல் கட்டிகளுக்கு ஊசிமுனை வழியே ரேடியோ அலை மின்னோட்டம் செலுத்தும் யோசனை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பிறந்தது. ஆர்.எஃப்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையைப் புற்றல்லாத தைராய்டு முடிச்சுகளில் முதன்முதலில் பயன்படுத்திய ஆய்வு 2006-இல் தென்கொரியாவிலிருந்து வந்தது. 30 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர்.

கல்லீரலில் ஊசிமுனையை ஓரிடத்தில் நிறுத்திச் சூடேற்றினால், முனையைச் சுற்றி உருண்டையான பகுதி வெந்துவிடும். கல்லீரல் பெரிய உறுப்பு. சுற்றிக் கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் பெரிய கேடில்லை. கழுத்தில் அந்தத் தாராளத்துக்கு இடம் இல்லை. தைராய்டு முடிச்சு முட்டை வடிவில் இருக்கும்; ஒரு பக்கம் மூச்சுக்குழாய், மறுபக்கம் பெரிய தமனி, பின்னால் குரல் நரம்பு. எனவே பேக் ஜுங் ஹ்வான் முதலிய கொரியக் கதிரியல் மருத்துவர்கள் ஊசியை நிறுத்தி வைக்காமல் நகர்த்திக்கொண்டே சுடும் உத்தியை உருவாக்கினர். முடிச்சு பல சிறு கட்டங்களாக மனத்தில் பிரிக்கப்படுகிறது. மிக ஆழத்திலுள்ள கட்டத்தில் தொடங்கி, அது வெந்து திரையில் வெண்மையாகத் தெரிந்ததும் முனையைப் பின்னிழுத்து அடுத்த கட்டத்துக்கு வருகிறார்கள். நரம்புக்கு அருகிலுள்ள விளிம்பில் குறைவாகவும், நடுவில் தாராளமாகவும் சுடப்படுகிறது.

ஊசி நுழையும் திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கழுத்தின் நடுவிலிருந்து, சுரப்பியின் இரு மடல்களை இணைக்கும் பாலத்தின் வழியே ஊசி செல்கிறது. இதனால் ஊசி நல்ல திசுவுக்குள் பிடிப்போடு நிற்கிறது. நோயாளி விழுங்கினாலோ இருமினாலோ நழுவுவதில்லை, ஊசியின் முழு நீளமும் திரையில் தெரிகிறது. ஊசிக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருப்பதால் முனையில் திசு கருகி ஒட்டுவதில்லை. தோலும் சுரப்பியின் உறையும் மரத்துப்போக மட்டுமே மருந்து கொடுக்கிறார்கள். நோயாளி விழித்தே இருக்கிறார். இடையிடையே அவரைப் பேசச் சொல்கிறார்கள். குரல் கம்மினால் உடனே நிறுத்தி, நரம்புக்கு அருகில் குளிர்ந்த குளுக்கோஸ் நீரைச் செலுத்துகிறார்கள். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். நோயாளியின் பேச்சே இங்கு அளவுகருவி.

2008-இல் 236 நோயாளிகளின் 302 முடிச்சுகளைப் பற்றிய கொரிய ஆய்வு, சராசரியாக 84 விழுக்காடு கனஅளவு குறைந்ததாகக் கூறியது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடரப்பட்ட 126 முடிச்சுகள் சராசரியாக 93 விழுக்காடு சுருங்கியிருந்தன, அவற்றில் 5.6 விழுக்காடு மீண்டும் வளர்ந்தன. 1,459 நோயாளிகளை ஆராய்ந்த 2012-இன் ஆய்வில் சிக்கல்கள் 3.3 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டன. அவற்றில் குரல் மாற்றம் போன்ற பெரிய சிக்கல்கள் 1.4 விழுக்காடு. தேர்ந்த கைகள் செய்தபோது கிடைத்த எண்கள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது.

இம்முறை கொரியாவில் இவ்வளவு விரைவாக வேர்விட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 1999-இல் அங்கு அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறிய கூடுதல் கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனும் செய்யப்பட்டது. 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காகியது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்நோயால் இறப்போர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தேடியதால் கிடைத்த நோய் அது என்று 2014-இல் கொரிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். புற்றைத் தேடிய அதே ஸ்கேன், புற்றல்லாத முடிச்சுகளையும் ஏராளமாகக் காட்டியிருக்கும். கழுத்தில் வடு விழுவதை விரும்பாத, மாத்திரையை நாள்தோறும் விழுங்க விரும்பாத பெரிய கூட்டம் ஒன்று ஊசிக்காகக் காத்திருந்தது.

சுருக்கத்தின் கணக்கு

ஆய்வுகளில் வரும் விழுக்காடுகள் கனஅளவைக் குறிப்பவை, நீளத்தை அல்ல. முடிச்சின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, பை என்னும் எண்ணால் பெருக்கி, 6-ஆல் வகுத்தால் கனஅளவு கிடைக்கும். 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டை முடிச்சின் கனஅளவு சுமார் 33.5 மி.லி. அது 80 விழுக்காடு சுருங்கினால் 6.7 மி.லி. ஆகும், அப்போதும் விட்டம் ஏறக்குறைய 2.3 செ.மீ. இருக்கும். 50 விழுக்காடு சுருங்கினால் விட்டம் 3.2 செ.மீ.தான் ஆகும். சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேன் அறிக்கையில் பழைய நீளத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருப்பதைக் கண்டு மனம் தளரும் நோயாளிக்கு இந்தக் கணக்கை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். அழிந்த திசுவை உடல் மெல்ல மெல்லத்தான் உறிஞ்சுகிறது. மாற்றம் முழுமையடைய ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும்.

ஏற்பும் தயக்கமும்

பிற நாடுகள் மெதுவாகவே இதை ஏற்றன. கொரியத் தைராய்டுக் கதிரியல் சங்கம் தன் பரிந்துரைகளை 2012-இலும், திருத்திய வழிகாட்டுதலை 2018-இலும் வெளியிட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் இம்முறை பற்றிய வழிகாட்டுதலைத் தந்தது. அமெரிக்காவில் இதற்கான கருவிக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது. ஐரோப்பியத் தைராய்டு சங்கம் 2020-இல் ஊசிவழிச் சிகிச்சைகளுக்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. இதற்கிடையே சீனாவில் நுண்ணலை வெப்பமும், பிரான்சில் ஊசியே இல்லாமல் குவித்த ஒலியலையும் முயலப்பட்டன.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அறுவை செய்தால் எடுத்த கட்டி ஆய்வகத்துக்குப் போகும். அது என்ன என்று திட்டவட்டமாகத் தெரிந்துவிடும். ஊசியால் சுட்டால் எடுத்துப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. நுண்ணூசிச் சோதனை சிலவகைக் கட்டிகளில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் நின்றுவிடும். செல்கள் உறையைத் துளைத்து வெளியேறியிருக்கின்றனவா என்பதை உறையோடு பார்த்தால்தான் சொல்ல முடியும், சில செல்களை மட்டும் பார்த்து அல்ல. இதனால்தான் சுடுவதற்கு முன் இரண்டு தனித்தனிச் சோதனைகளில் புற்றல்ல என்று தெரிய வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் பொதுவாகக் கூறுகின்றன. படத்தில் சிறிது ஐயம் தோன்றினாலும் ஊசியை எடுக்கலாகாது.

இன்னொரு தயக்கம் இதைவிட ஆழமானது. தொல்லை தராத முடிச்சுக்குச் சிகிச்சையே எதற்கு? இத்தாலியில் 992 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், 15.4 விழுக்காட்டினரின் முடிச்சுகள் மட்டுமே வளர்ந்தன. 18.5 விழுக்காட்டினருக்கு எதுவும் செய்யாமலே சுருங்கின. தொடக்கத்தில் இருந்த 1,567 முடிச்சுகளில் 0.3 விழுக்காட்டில்தான் பின்னர் புற்று கண்டறியப்பட்டது. கத்தி கொடியது என்பதால் அறுவைக்கு முன் மருத்துவரும் நோயாளியும் இருமுறை யோசித்தார்கள். ஊசி எளியது, அந்த எளிமை யோசிக்கும் நேரத்தைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு. எனவேதான் ஐரோப்பிய வழிகாட்டுதல், விழுங்குவதில் தொல்லை, அழுத்தம், தோற்றம் குறித்த மனவருத்தம் உள்ளவர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறது. தொல்லை இல்லாத முடிச்சைக் கண்காணித்தால் போதும்.

கண்காணிப்பு சிகிச்சைக்குப் பிறகும் நிற்பதில்லை. விளிம்பில் விட்டுவைத்த திசு மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும். வெந்து சுருங்கிய முடிச்சு திரையில் கருமையாகவும், ஒழுங்கற்ற விளிம்போடும், சில நேரம் சுண்ணாம்புப் படிவுகளோடும் தெரியும். புற்றுநோய் முடிச்சும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். நோயாளியின் பழைய கதை தெரியாத வேறொரு மருத்துவர் அதைப் பார்த்தால் ஐயம் கொண்டு மறுபடி ஊசிச் சோதனைக்கு அனுப்பக்கூடும். எந்தப் பக்கத்து முடிச்சு, எந்த ஆண்டு, எந்த முறையில் சுடப்பட்டது என்ற குறிப்பை இச்சிகிச்சை பெற்றவர்கள் வாழ்நாள் முழுதும் கையோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.